விறகு வெட்டப் போனவர்கள்

அன்புள்ள ஐயா,

சீக்கியர்களின் ஒன்பதாம் குருவான தேக் பகதூர் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தபின் இதை எழுதுகிறேன். எனக்கு 36 வயது. திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் வேலை. பத்து வருடமாகத் தினமும் காலையில் ஒரு மணி நேரம் தியானம் செய்துவந்தேன். இரண்டு வருடம் முன்பு சாயக் கழிவுக்கு எதிராகப் போராடும் ஒரு குழுவில் சேர்ந்தேன். மனு, ஆர்ப்பாட்டம், ஒரு முறை கைதும் ஆனேன். கல்யாண மண்டபத்தில் அடைத்து சாயங்காலம் விட்டார்கள். அதிலிருந்து தியானம் போய்விட்டது. கண்ணை மூடினால் எதிர்த்தரப்பு ஆட்களின் முகம்தான் வருகிறது.

என் தியான ஆசிரியர், "அரசியலில் இறங்கினால் தியான சாதனை போய்விடும். சீக்கியர்களைப் பார், நானக்கிடம் பாட்டு இருந்தது, கோவிந்த் சிங்கிடம் வாள்தான் மிஞ்சியது" என்கிறார். போராட்டத் தோழரோ, "சீக்கியன் வாளெடுத்த பிறகுதான் பிழைத்தான். அடி வாங்குகிறவனுக்கு எதற்குத் தியானம்?" என்கிறார். இரண்டு பேருக்கும் உதாரணம் ஒன்றுதான். நான் யாரை நம்புவது? பிப்ரவரியில் அமிர்தசரஸ் போகலாம் என்றிருக்கிறேன்.

எஸ்.,
திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஆசிரியரும் தோழரும் எதிரெதிராகப் பேசுவதுபோல் இருந்தாலும், இருவரும் நம்புவது ஒரே கதையைத்தான். முதலில் பக்தி, அப்புறம் அடி, அப்புறம் வாள். ஒருவருக்கு அது சறுக்கல், மற்றவருக்கு அது விழிப்பு. எனக்கு அந்தக் கதையின் மேலேயே சந்தேகம்.

முதல் குருவான நானக்கிடம் பாட்டு இருந்தது, சரி. என்ன பாட்டு? பாபரின் படை பஞ்சாபில் புகுந்து சைத்பூரைச் சூறையாடியபோது நானக் பாடியவை சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிப்பில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று லாலோ என்ற தச்சரிடம் பேசுவதுபோல வரும். பாவத்தின் மாப்பிள்ளை ஊர்வலத்தோடு காபூலிலிருந்து ஓடி வந்திருக்கிறான் லாலோ, பலவந்தமாகத் தானம் கேட்கிறான் என்கிறார். கல்யாண வீட்டின் மொத்தச் சொல்லையும் கொள்ளைக்குத் திருப்பிவிடுகிற கோபம் அது. இன்னொரு பாட்டில் கேள்வி நேராகக் கடவுளிடமே போகிறது. இவ்வளவு அடி விழுந்து இத்தனை பேர் கதறினார்களே, உனக்கு வலிக்கவே இல்லையா? ராஜாக்கள் புலிகள், அவர்களின் அதிகாரிகள் நாய்கள் என்று வேறோர் இடத்தில் பாடியிருக்கிறார். இதையெல்லாம் பாடியவரை அரசியல் தெரியாத பக்தர் என்று எப்படிச் சொல்வது?

ஐந்தாம் குரு அர்ஜனை 1606-இல் லாகூரில் சித்திரவதை செய்து கொன்றார்கள். கொல்லச் சொன்ன ஜஹாங்கீர் தன் நினைவுக்குறிப்பில் காரணத்தை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மூன்று நான்கு தலைமுறையாக இந்தக் கடை சூடாக நடக்கிறது, இதை மூட வேண்டும் என்று பலமுறை நினைத்தேன் என்கிறார். கலகம் செய்த மகன் குஸ்ரூவுக்கு அர்ஜன் நெற்றியில் குங்குமப்பூத் திலகம் இட்டார் என்பது உடனடிச் சாக்கு. அன்று சீக்கியர் கையில் வாள் கிடையாது. ஒரு நகரம், ஒரு கோயில், இரண்டு வருடம் முன்பு தொகுத்து முடித்த ஒரு நூல், எந்தச் சாதிக்காரனும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு பந்தி, அவ்வளவுதான் இருந்தது. அதுவே பாதுஷாவுக்கு அரசியலாகத் தெரிந்திருக்கிறது. அவர் கணிப்பு தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அர்ஜனின் மகன் ஹர்கோவிந்த் இரண்டு வாள் கட்டிக்கொண்டார் என்பது மரபு. ஒன்று மீரி, உலக அதிகாரம். மற்றது பீரி, ஞானம். ஹர்மந்திர் சாகிப்புக்கு, அதாவது நாம் பொற்கோயில் என்று சொல்லும் இடத்துக்கு, எதிரில், உலக அதிகாரத்தின் பீடமாக அகால் தக்த்தை எழுப்பியவரும் அவரே. இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அங்கே போனால் கண்ணில் படுவது வேறு. இரவில் குரு கிரந்த் சாகிப்பைப் பல்லக்கில் ஏற்றி ஹர்மந்திரிலிருந்து அகால் தக்த்துக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறார்கள். விடிவதற்கு முன் மறுபடி ஹர்மந்திருக்கு எடுத்து வருகிறார்கள். தியானத்துக்கான நூல் இரவெல்லாம் அரசியல் மேடையில் தூங்குகிறது, அதிகாலையில் எழுந்து தண்ணீர் நடுவே போகிறது. நான் ஒரு ஜனவரியில் அந்தப் பல்லக்குக்குப் பின்னால் நடந்தேன். பளிங்குத் தரையில் வெறுங்கால் மரத்துப்போயிருந்தது. நரசிங்கா என்ற நீளக் கொம்பை ஊதினார்கள். எனக்கு முன்னால் ஒருவர் மூன்றே மூன்று தப்படி பல்லக்கைச் சுமந்துவிட்டு, அடுத்தவருக்கு விட்டு ஒதுங்கி, ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தார்.

தேக் பகதூர் பற்றி ஏற்கெனவே எழுதிவிட்டதால் ஒன்று மட்டும். இளவயதில் கர்தார்பூர்ச் சண்டையில் வாள் பிடித்தவர், அப்புறம் பகாலா என்ற ஊரில் சுமார் இருபது ஆண்டுகள் ஒதுங்கித் தியானத்தில் இருந்தவர். உங்கள் ஆசிரியர் சொல்லும் வரிசையைத் தலைகீழாக வாழ்ந்திருக்கிறார். சிறுவன் நானக் போட மறுத்த பூணூலை இந்துக்கள் போட்டுக்கொள்ளும் உரிமைக்காக 1675-இல் டில்லி சாந்தினி சௌக்கில் தலையைக் கொடுத்தார். அவருடைய ஒரு ஈரடி உண்டு. யாரையும் பயமுறுத்தாதவன், யாருக்கும் பயப்படாதவன், அவனையே ஞானி என்று சொல் மனமே என்கிறது. இந்த இரண்டு பாதியையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

தேக் பகதூரின் மகன், பத்தாம் குரு கோவிந்த் சிங்கிடம் வாள் மட்டும் மிஞ்சியதா? ஔரங்கசீப்புக்கு அவர் பாரசீகத்தில் எழுதிய கடிதக் கவிதையில், எல்லா வழியும் தீர்ந்த பிறகே வாளில் கை வைப்பது நியாயம் என்று வருகிறது. நான்கு மகன்களையும் பறிகொடுத்தவர் எழுதியது. அவருடைய ஆனந்த்பூர்ச் சண்டைகளில் தண்ணீர்ப் பை சுமந்தவர் பாய் கன்னையா. விழுந்து கிடந்த எதிரிச் சிப்பாய்களுக்கும் அவர் தண்ணீர் கொடுக்கிறார் என்று சொந்தப் படையினரே குருவிடம் புகார் சொன்னார்கள். "எனக்கு எல்லா முகமும் உங்கள் முகமாகத்தான் தெரிகிறது" என்றாராம். குரு திட்டவில்லை, காயத்துக்குப் போட மருந்தையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினார். உங்கள் கடிதத்தில் 'முகம்' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது இவர்தான்.

ஆனால் உங்கள் கேள்விக்கு நெருக்கமான இடம் எனக்கு இந்தக் குருமார் காலம்கூட இல்லை. 1922. அமிர்தசரஸிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் குரு கா பாக் என்ற ஒரு சின்ன குருத்வாரா. அப்போது குருத்வாராக்கள் மகந்துகள் என்ற பரம்பரை நிர்வாகிகள் கையில் இருந்தன. கோயில் சொத்தைத் தின்று கொழுத்தவர்கள் பலர். அவர்களுக்குப் பின்னால் ஆங்கில அரசு. முந்தைய வருடம்தான் நன்கானா சாகிப்பில், நானக் பிறந்த இடத்தில், உள்ளே வந்த சீக்கியர்களை மகந்தின் அடியாட்கள் சுட்டும் வெட்டியும் எரித்தும் கொன்றிருந்தார்கள். ஆத்திரப்பட எல்லாக் காரணமும் இருந்தது.

குரு கா பாகில் ஆகஸ்டில் ஐந்து அகாலிகள், அதாவது குருத்வாராக்களை மீட்கப் போராடிய சீக்கியர்கள், லங்கர் என்ற பொதுப் பந்திக்கு விறகு வெட்டினார்கள். கருவேல மரம். நிலம் இன்னும் மகந்துடையது, ஆகவே இது திருட்டு என்று வழக்குப் போட்டு உள்ளே தள்ளியது அரசு. அடுப்புக்குக் கருவேலங்கட்டை வெட்டியதில் ஒரு பேரரசு வந்து மாட்டிக்கொண்டது! அடுத்தவர்கள் போய் வெட்டினார்கள். கைது. இன்னும் பலர் போனார்கள். சிறை நிரம்பியதும் கைது செய்வதை விட்டுவிட்டு அடிக்க ஆரம்பித்தார்கள். தினமும் நூறு பேர் கொண்ட ஜாத்தா, அதாவது தொண்டர் குழு, அகால் தக்த்தின் முன் நின்று, கை ஓங்கமாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டு, நடந்தே கிளம்பும். கறுப்புத் தலைப்பாகை, வாயில் இறைவன் நாமம். பலர் முதல் உலகப் போரில் சண்டை போட்டுத் திரும்பிய சிப்பாய்கள். தடியைப் பிடித்துத் திருப்பத் தெரியாதவர்கள் இல்லை. பூண் போட்ட தடியால் அடி விழும், விழுவார்கள், எழுந்து மறுபடி கைகூப்பி நிற்பார்கள், மறுபடி அடி. செப்டம்பர் 12 அன்று சி.எஃப். ஆண்ட்ரூஸ் போய்ப் பார்த்தார். கிறித்தவப் பாதிரியார், காந்தியின் நண்பர். அடிபட்டவர்களிடம் ஒரு சாபச் சொல்கூட வராததைக் கண்டு, சிலுவையைப் பார்த்ததுபோல் எழுதினார். அடுத்த நாள் கவர்னர் வந்து அடியை நிறுத்தினார், மறுபடி கைது. ஐயாயிரத்துச் சொச்சம் பேர் உள்ளே போனார்கள். கடைசியில் சர் கங்கா ராம் என்ற பொறியாளர் அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, எனக்குப் போலீஸ் பாதுகாப்பு வேண்டாம் என்று சொன்னதும் அரசுக்கு ஊரைவிட்டுப் போக ஒரு வழி கிடைத்தது.

இவர்கள் தினமும் முதலில் அகால் தக்த்துக்குத்தான் போனார்கள், அங்கிருந்து குரு கா பாகுக்கு. அந்த அமைதி அடி விழும் இடத்தில் எங்கிருந்தோ வந்து சேரவில்லை, கையோடு கொண்டுபோனது. தியானம் அரசியலுக்கு என்ன செய்யும் என்று கேட்டால் நான் காட்டக்கூடியது இதைத்தான். வெறுப்பில்லாமல் நிற்க அது ஆளுக்குப் பழக்கம் கொடுக்கிறது. எல்லோருக்கும் கொடுத்தது என்று சொல்லமாட்டேன். அதே வருடங்களில் பப்பர் அகாலிகள் என்று தனியே பிரிந்தவர்கள் துப்பாக்கி எடுத்தார்கள், தூக்கில் தொங்கினார்கள். அவர்களும் அதே நன்கானாவைப் பார்த்துக் கொதித்தவர்கள்தான்.

நம் பக்கத்துக்கும் இதில் கொஞ்சம் ஒட்டு உண்டு. 1923-இல் நாபா சமஸ்தானத்தின் ஜைத்தோவில் அகாலிப் போராட்டத்தைப் பார்க்கப் போன நேருவோடு ஒரே விலங்கில் பூட்டப்பட்டவர் நம் தமிழ்நாட்டுக் காங்கிரஸ்காரர் கே. சந்தானம். பதவி பறிக்கப்பட்ட நாபா மகாராஜாவைக் கொண்டுவந்து வைத்த இடம் கொடைக்கானல், 1942-இல் அவர் இறந்ததும் அங்கேயே. 1924-இல் வைக்கம் போராட்டத்துக்குப் பஞ்சாபிலிருந்து அகாலிகள் வந்து லங்கர் திறந்தார்கள். வெளியார் உதவி வேண்டாம், உள்ளூர்க்காரர்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று காந்தி சொல்ல, மூடினார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் காந்தி பக்கம் இல்லை. தெருவில் நடக்கக்கூடாது என்றவர்களுக்கு எதிராக ஒரே பந்தியில் சோறு போடுவதைவிட நல்ல பதில் என்ன இருக்கிறது?

உங்கள் ஆசிரியரின் பயத்துக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. 1983 கடைசியில் தீவிரவாதச் சீக்கியத் தலைவர் பிந்த்ரன்வாலே தன் ஆயுதக்காரர்களோடு அகால் தக்த்துக்குள் குடியேறினார். வெளியே பேருந்தை நிறுத்தி ஆட்களை இறக்கிச் சுட்ட காலம் அது. 1984 ஜூனில் ராணுவம் டாங்கிகளோடு உள்ளே போனது, அதுவும் குரு அர்ஜன் நினைவு நாளுக்காக யாத்திரிகர்கள் கூடியிருந்த சமயத்தில். அகால் தக்த் இடிந்தது, சுவடிகள் இருந்த நூலகம் எரிந்தது. அக்டோபர் 31-இல் இந்திரா கொலை. அடுத்த சில நாளில் டில்லியில் மட்டும் அரசுக் கணக்குப்படி 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். தேக் பகதூரின் ஈரடியை இங்கே வைத்துப் பாருங்கள். 'யாருக்கும் பயப்படாதவன்' என்ற பாதி பிந்த்ரன்வாலேவிடம் இருந்தது, அதை மறுக்க முடியாது. 'யாரையும் பயமுறுத்தாதவன்' என்ற பாதியைக் காணோம். அரசிடம் இரண்டு பாதியும் இல்லை. அவசர அவசரமாக அகால் தக்த்தைக் கட்டிக் கொடுத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று காட்டப் பார்த்தது. சீக்கியர்கள் 1986-இல் அதை இடித்துப் போட்டுவிட்டு, தங்கள் தலையில் மண் சுமந்து வேறு கட்டினார்கள்.

துன்பத்தை என்ன செய்வது என்பதற்கு அவர்கள் தினம் சொல்லும் அர்தாஸ் பிரார்த்தனையைக் கேளுங்கள். அங்கம் அங்கமாக வெட்டுண்டவர்கள், மண்டைத் தோல் உரிக்கப்பட்டவர்கள், சக்கரத்தில் ஏற்றப்பட்டவர்கள், ரம்பத்தால் அறுக்கப்பட்டவர்கள் என்று வரிசையாக நினைவுகூர்வார்கள். ஒன்றையும் மறப்பதில்லை. ஆனால் முடிவது 'சர்பத் தா பலா' என்று, எல்லோருக்கும் நல்லது நடக்கட்டும். அறுத்தவனின் பேரப்பிள்ளைகளும் அந்த எல்லோரில் சேர்த்தி. 18-ஆம் நூற்றாண்டில் தலைக்கு விலை வைத்துக் காட்டில் வேட்டையாடப்பட்ட காலத்தில் இவர்கள் ஒரு தனிப் பாஷையே வைத்திருந்தார்கள். வறுத்த கடலைக்குப் பெயர் பாதாம், வெங்காயத்துக்கு வெள்ளி ரூபாய், ஒற்றை ஆள் வந்தால் ஒன்றேகால் லட்சம் பேர் வந்தார்கள் என்பார்கள். நிகாங்குகள் என்ற சீக்கியப் போர்வீரப் பிரிவினர் இன்றும் அப்படிப் பேசுகிறார்கள். பட்டினியில் கேலி செய்ய முடிகிறவனை உடைப்பது கஷ்டம்.

சரி, உங்கள் விஷயம். குழுவை விட வேண்டாம். காலையில் முகங்கள் வந்தால் எழுந்துவிடவும் வேண்டாம், வரட்டும், கன்னையாவுக்கும் அந்த முகங்கள்தான் வந்தன. அடுத்த ஆர்ப்பாட்டத்தில் மைக் பிடிப்பதற்குப் பதிலாகச் சாப்பாட்டுப் பொறுப்பை வாங்கிக்கொள்ளுங்கள். பந்தோபஸ்துக்கு வெயிலில் நிற்கிற போலீஸ்காரருக்கும் எதிர்த்தரப்பு ஆளுக்கும் சேர்த்து எடுத்துவையுங்கள். தோழர் முறைப்பார், முறைக்கட்டும்.

பிப்ரவரி அமிர்தசரஸ் நல்ல குளிர். பல்லக்கு கோடையில் அதிகாலை நாலு மணிவாக்கில் வரும், குளிர்காலத்தில் இன்னும் கொஞ்சம் பிந்தும், முந்தைய நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். தலையில் கட்ட ஒரு துணி எடுத்துப் போங்கள். முடிந்ததும் லங்கருக்குப் போனால் மலைபோல் பூண்டு குவிந்திருக்கும், யாரையும் கேட்க வேண்டாம், உட்கார்ந்து உரிக்கலாம். எனக்குப் பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்த பாட்டி என் வேகத்தைப் பார்த்துவிட்டு, என் தட்டில் இருந்ததையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.