கேள்வி-பதில்: அமெரிக்கத் தென் மாநில இனிப்புகள், வீட்டு அடுப்பில்

காப்ளர் (பழத்தோடு மாவைச் சேர்த்துச் சுடுவது), பனானா புட்டிங், பீக்கன் பை (மாவு ஓட்டில் பீக்கன் கொட்டைப் பூரணம் நிரப்பிச் சுடுவது), பிரலீன் (பாகில் கொட்டை சேர்த்து வார்க்கும் மிட்டாய்) பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். கப் என்று வரும் இடமெல்லாம் 240 மி.லி. கப். அதில் மைதா 125 கிராம், சர்க்கரை 200 கிராம் பிடிக்கும்.

கே: பீச் காப்ளரில் மாவு மேலே எழும்பவே இல்லை. அடியில் களி மாதிரி தங்கிவிட்டது. ஏன்?

ஊற்றிய பிறகு கிளறிவிட்டீர்கள், அல்லது பழத்தில் சாறு அதிகம். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

2 லிட்டர் பிடிக்கும் அகலமான பாத்திரத்தில் 115 கிராம் வெண்ணெயைப் போட்டு, சூடாகும் அவனிலேயே வைத்து உருக்குங்கள். 1 கப் மைதா, முக்கால் கப் சர்க்கரை, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு, 1 கப் பால் இவற்றைக் கலந்து அந்த வெண்ணெய் மேல் ஊற்றுங்கள். அதன் மேல் தோல் நீக்கி நறுக்கிய 4 பீச் பழங்களைப் பரப்பி, அதோடு விட்டுவிடுங்கள். கரண்டி போட வேண்டாம். 175 டிகிரி செல்சியஸில் 45 முதல் 50 நிமிடம். மாவு பழத்தின் இடையே தானாக ஏறி வந்து, ஓரம் வெண்ணெயில் பொரிந்து மொறுமொறுப்பாகும். கிளறினால் வெண்ணெய் மாவுக்குள் போய்விடும், ஓரத்துக்கு அந்த மொறுமொறுப்பு வராது.

பழம் நன்றாகக் கனிந்திருந்தால் கால் கப் சர்க்கரையோடு 4 நிமிடம் கொதிக்கவிட்டு, பாகில் பாதியை மட்டும் சேருங்கள். டின் பீச் என்றால் முழுக்க வடித்துவிடுங்கள். பேக்கிங் பவுடர் பழையதா என்று பார்க்க, ஒரு தேக்கரண்டியை வெந்நீரில் போடுங்கள். நுரை பொங்காவிட்டால் அதைத் தூக்கிப் போடலாம்.

பீச் கிடைக்காத ஊரில் கெட்டியான மாம்பழத் துண்டுகளும் சரிப்படும். புளிப்புக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் முட்டையே கிடையாது என்பதால் சைவர்கள் தொடங்கவும் இதுதான் நல்ல இடம்.

கே: செல்ஃப் ரைசிங் மாவு (பேக்கிங் பவுடரும் உப்பும் கலந்தே விற்கும் மாவு) என்று எல்லாக் குறிப்பிலும் வருகிறதே, மைதாவை வைத்துச் சமாளிக்கலாமா?

தாராளமாக. தென் மாநிலங்களில் விளைந்தது புரதம் குறைந்த மென்கோதுமை. டென்னசியின் நாக்ஸ்வில் நகரில் 1883-இல் தொடங்கிய ஒயிட் லில்லி என்ற மாவு நிறுவனத்துக்குப் புகழ் வந்ததே அந்த மென்மையால்தான். 1 கப் மைதாவில் 2 மேசைக்கரண்டியை எடுத்துவிட்டு, அதே அளவு வெள்ளைக் கார்ன்ஃப்ளோர், ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு சேர்த்து இருமுறை சலியுங்கள்.

கே: பனானா புட்டிங் இரவில் கெட்டியாக இருந்தது. காலையில் பார்த்தால் கஸ்டர்ட் நீர்த்துக் கிடக்கிறது. மாவு போதவில்லையா?

மாவு போதும், கொதிதான் போதவில்லை. மஞ்சள் கருவில் அமிலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது மாவுச்சத்தைச் சிதைத்து, கெட்டியான கஸ்டர்டை மெல்ல மெல்ல இளக்கிவிடும். நன்றாகக் கொதித்தால்தான் அது செயலிழக்கும். முட்டை திரிந்துவிடுமோ என்று பயந்து பலரும் கெட்டியானவுடனே இறக்கிவிடுகிறார்கள். மாவு சேர்ந்த கஸ்டர்ட் கொதி தாங்கும். முதல் குமிழி வெடித்ததிலிருந்து, கை விடாமல் கிளறியபடி 2 நிமிடம் கொதிக்கட்டும். இன்னொன்று: ருசி பார்த்த கரண்டியை மறுபடி பாத்திரத்தில் விடாதீர்கள். எச்சிலிலும் அதே வகை நொதி உண்டு.

அளவு: அரை கப் சர்க்கரை, மூன்றில் ஒரு பங்கு கப் மைதா, சிட்டிகை உப்பு, 3 மஞ்சள் கரு, 2 கப் பால், இறக்கியபின் அரைத் தேக்கரண்டி வெனிலா. வெனிலா வேஃபர் பிஸ்கட், வாழைப்பழ வில்லைகள், கஸ்டர்ட் என்று மாற்றி மாற்றி அடுக்கி, பழம் வெளியே தெரியாமல் கஸ்டர்டால் மூடுங்கள். காற்றுப் பட்டால்தான் பழம் கறுக்கும். அங்கே போடுவது கேவண்டிஷ் இனப் பழம். நம் ஊர் ரோபஸ்டாவும் அதே இனம்தான். மஞ்சள் தோலில் லேசாகப் புள்ளி விழுந்த பதம் சரி.

மிஞ்சிய 3 வெள்ளைக் கருவைக் கால் கப் சர்க்கரையோடு அடித்து, கஸ்டர்ட் சூடாக இருக்கும்போதே மேலே பரப்பி, 175 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள். ஆறிய கஸ்டர்டில் பரப்பினால் அடிப்பாகம் வேகாமல் நீர் கசியும். ஆறியதும் குளிர்பெட்டியில் குறைந்தது 4 மணி நேரம் இருக்கட்டும். பிஸ்கட் ஊறி கேக் போல ஆக அவ்வளவு நேரம் வேண்டும்.

முட்டை வேண்டாதவர்கள் 2 கப் பாலுக்கு 3 மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளோரும் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயும் போட்டுக் காய்ச்சலாம்.

கே: பீக்கன் பைக்கு கார்ன் சிரப் (சோளத்திலிருந்து எடுக்கும் பாகு) கிடைக்கவில்லை. போன முறை வேறு நடுப்பகுதி வெட்டும்போது ஓடிவிட்டது.

கோல்டன் சிரப்பை (சர்க்கரைப் பாகு) அதே அளவு ஊற்றுங்கள். லிக்விட் குளுக்கோஸ் என்றால் கொஞ்சம் வெந்நீர் விட்டு இளக்கிக்கொள்ள வேண்டும். தேனை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சீக்கிரம் கருகுவதோடு பீக்கனின் மணத்தையும் அமுக்கிவிடும்.

23 செ.மீ. பை ஓட்டை நிரப்ப 3 முட்டை, 1 கப் சிரப், 1 கப் சர்க்கரை, 2 மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெய், ஒன்றரை கப் பீக்கன். 175 டிகிரியில் 60 முதல் 70 நிமிடம். நடுவில் வெப்பமானி 93 டிகிரி காட்டினால் வெந்தாயிற்று. ஓரம் முன்னதாகவே சிவந்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள். வெந்த பிறகும் குறைந்தது 4 மணி நேரம் ஆறாமல் கத்தி வைக்கக் கூடாது. நீங்கள் சொல்லும் ஓட்டத்துக்கு அவசரமும் காரணமாக இருக்கலாம்.

இந்தக் கொட்டையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். லூசியானாவின் ஓக் ஆலி பண்ணையில் அடிமையாக இருந்த தோட்டக்காரர் ஆன்டுவான், 1840-களில் பீக்கன் மரத்தை ஒட்டுக்கட்டிப் பெருக்கிக் காட்டினார். அதிலிருந்து வந்த ரகம் 1876-இல் ஃபிலடெல்ஃபியா நூற்றாண்டுக் கண்காட்சியில் பரிசு பெற்று, சென்டென்னியல் என்ற பெயரும் பெற்றது. பீக்கன் தோப்புப் பயிரானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பை செய்கிறவர்கள் அவர் பெயரைத் தெரிந்துவைத்திருப்பது நியாயம்.

கே: பட்டர்மில்க் பைக்கு வீட்டு மோர் ஊற்றலாமா?

கூடாது. கடைந்து நீர் விட்ட மோரில் பை இறுகாது. அங்கே விற்பது பாலையே புளிக்கவைத்த, கொழகொழப்பான மோர். முக்கால் கப் கெட்டித் தயிரைக் கால் கப் பாலில் அடித்தால் அந்தப் பதம் கிடைக்கும். ஓரம் இறுகி, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு லேசாக ஆடும்போதே வெளியே எடுங்கள். முழுக்க இறுகும்வரை விட்டால் முட்டை திரிந்து, பரப்பு வெடிக்கும்.

கே: சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பை நார் நாராக, சப்பென்று இருந்தது.

வேகவைக்காமல் சுடுங்கள். தோலோடு 200 டிகிரியில் ஒரு மணி நேரம். மெல்ல சூடேறும்போது கிழங்கின் மாவுச்சத்து இனிப்பாக மாறும், நீரும் வற்றும். நார் போகச் சல்லடையில் தேய்த்து எடுங்கள். 450 கிராம் கிழங்குக்கு 115 கிராம் வெண்ணெய், 1 கப் சர்க்கரை, அரை கப் பால், 2 முட்டை, அரைத் தேக்கரண்டி ஜாதிக்காய்த் தூள். 175 டிகிரியில் 55 நிமிடம்.

கே: நியூ ஆர்லியன்ஸ் பிரலீன் மழை நாளில் பிசுபிசுவென்றே இருக்கிறது. மீட்க வழி உண்டா?

உண்டு. முதலில் அளவு: வெள்ளைச் சர்க்கரையும் பழுப்புச் சர்க்கரையும் தலா 1 கப், அரை கப் க்ரீம், 55 கிராம் வெண்ணெய், ஒன்றரை கப் பீக்கன். பாகு 115 டிகிரிக்கு வரவேண்டும். வெப்பமானி இல்லையென்றால் அதிரசத்துக்குப் பார்ப்பது போலத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, மெத்தென்று உருட்ட வருகிறதா என்று பாருங்கள். இறக்கி 5 நிமிடம் ஆறவிட்டு, மரக்கரண்டியால் அடியுங்கள். பளபளப்பு மங்கி, பாகு லேசாக வெளுத்த நொடியில் தாளில் கரண்டி கரண்டியாக வார்த்துவிட வேண்டும். அரை நிமிடம் தாமதித்தாலும் பாத்திரத்திலேயே கட்டியாகிவிடும்.

ஈரக் காற்றில் சர்க்கரை நீரை இழுக்கும். அன்றைக்கு 116 டிகிரி வரை விடுங்கள். பிசுபிசுத்ததையும் சரி, கட்டிப்போனதையும் சரி, 2 மேசைக்கரண்டி க்ரீம் விட்டு இளந்தீயில் கரைத்து, திரும்பப் பதம் பார்த்து வார்க்கலாம். ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில், அடுக்குக்கு இடையே வெண்ணெய்த் தாள் வைத்து மூடுங்கள். குளிர்பெட்டி வேண்டாம், அங்கேயும் ஈரம் படியும்.