போர் நேரத்துல கூட்டணி நாடுங்க ஒண்ணா நிக்கிறது எப்படி? கேட்டதுக்கெல்லாம் பதில்

கேள்வி: அண்ணா, ஜனநாயகம், சுதந்திரம்னு ஒரே கொள்கை இருக்கறதாலதானே அமெரிக்கா, ஐரோப்பா நாடுகளோட ராணுவக் கூட்டணியான நேட்டோல இருக்கற நாடுங்க ஒண்ணா நிக்குது?

பதில்: பாதி சரி தம்பி. 1949ல போட்ட நேட்டோ ஒப்பந்தத்தோட முன்னுரையிலயே ஜனநாயகம், தனிமனித சுதந்திரம், சட்டத்தின் ஆட்சி எல்லாம் இருக்கு, ஆனா கையெழுத்து போட்ட 12 நாட்டுல போர்ச்சுகலும் ஒண்ணு, அங்க அப்போ சலாசாரோட சர்வாதிகாரம். கிரீஸ்ல 1967லருந்து 74 வரைக்கும் ராணுவ ஆட்சி, அதையும் யாரும் வெளிய அனுப்பல. சேத்து வைக்கிறது பொது எதிரி. கொள்கையோட வேலை அந்த எதிரி போனப்புறம்தான் தெரியும். ஹிட்லர் ஒழிஞ்ச ரெண்டு மூணு வருஷத்துல சோவியத் தலைவர் ஸ்டாலினோட இருந்த கூட்டணி உறவு முறிஞ்சிடுச்சு, பிரிட்டன் அமெரிக்கா உறவு முறியல.

கேள்வி: நேட்டோ ஒப்பந்தத்துல வர்ற ஆர்டிகிள் 5ன்னா ஒரு நாட்டை அடிச்சா எல்லாரும் போருக்கு போயே ஆகணுமா?

பதில்: இல்ல. ஒருத்தர அடிச்சா எல்லாரையும் அடிச்ச மாதிரின்னு இருக்கு, ஆனா என்ன உதவி தேவைன்னு ஒவ்வொரு நாடும் தானே முடிவு பண்ணிக்கலாம். இதுவரைக்கும் ஒரே ஒரு தடவைதான் எடுத்திருக்காங்க, 2001 செப்டம்பர் 12, அமெரிக்கா மேல தீவிரவாத தாக்குதல் நடந்த மறுநாள். அப்போ நேட்டோவோட ஏழு அவாக்ஸ் ரேடார் விமானம் அட்லாண்டிக்க தாண்டி போய் மாசக்கணக்கா அமெரிக்க வானத்துக்கு காவல் காத்துச்சு. ஐரோப்பா சும்மா உக்காந்து சாப்பிடுதுன்னு சொல்றவங்க இத மறந்துடறாங்க, எனக்கு அதுல உண்மையிலயே வருத்தம்.

கேள்வி: உக்ரைன் விஷயத்துல ஹங்கேரி ஒரே நாடு எப்படி மத்த 26 நாட்டையும் தடுக்க முடிஞ்சுது?

பதில்: ஐரோப்பிய யூனியன்ல வெளியுறவு முடிவுக்கு பொதுவா எல்லாரும் சம்மதிக்கணும், ஒருத்தர் வேணாம்னா அவ்ளோதான். 2022ல ரஷ்ய எண்ணெய்க்கு தடை போட்டப்போ பைப்லைன் வழியா வர்ற எண்ணெய்க்கு விலக்கு வாங்கிட்டுதான் ஹங்கேரி தலையாட்டுச்சு. 2023 டிசம்பர் இன்னும் விசேஷம், உக்ரைனோட உறுப்பினர் பேச்ச ஆரம்பிக்கலாமான்னு முடிவெடுக்கற நேரத்துல அப்போ ஹங்கேரி பிரதமரா இருந்த ஓர்பான் ரூம விட்டு வெளிய போயிட்டாரு, அவரு இல்லாத நேரத்துல மத்த 26 பேரும் சரின்னு முடிச்சுட்டாங்க, ஆனா அதே மாநாட்டுல 5,000 கோடி யூரோ உதவிய அவரு தடுத்துட்டாரு, அது 2024 பிப்ரவரி 1ல ஸ்பெஷலா திரும்ப கூடித்தான் பாஸ் ஆச்சு. ஆக ஒற்றுமைங்கறது ஒரு தடவை வந்துட்டா அப்படியே இருக்கற பொருள் இல்ல, ஒவ்வொரு தடவையும் பேரம் பேசி வாங்கணும். இது அசிங்கம்னு சில பேர் சொல்றாங்க, நான் அப்படி நெனைக்கல, மிரட்டி வாங்கற ஒற்றுமைய விட இது எவ்ளோ மேல்.

கேள்வி: அப்போ வீட்டோவ, அதாவது ஒரே நாடு தடுக்கற அதிகாரத்த, எடுத்துட்டு மெஜாரிட்டி வச்சிடலாமே?

பதில்: வீட்டோவ எடுக்கவே எல்லார் சம்மதமும் வேணும்! ஒரு நடுவழி இருக்கு, நான் ஓட்டு போடல, நீங்க செய்யறத தடுக்கவும் மாட்டேன்னு ஒதுங்கிக்கலாம். 2022ல உக்ரைனுக்கு ஆயுதம் குடுக்கற முடிவுல அயர்லாந்து, ஆஸ்திரியா, மால்டா மூணும் இப்படித்தான் செஞ்சுது.

கேள்வி: அட்லாண்டிக் சாசனத்துல சுதந்திரம்னு பேசினவங்க இந்தியாவ ஏன் விட்டாங்க?

பதில்: நல்ல கேள்வி, வலிக்கற கேள்வியும்கூட. 1941 ஆகஸ்ட்ல நியூஃபவுண்ட்லாந்து கரையோரம் கப்பல்ல அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டும் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலும் சந்திச்சு, எந்த மக்களுக்கும் தங்களோட ஆட்சிய தாங்களே தேர்ந்தெடுக்கற உரிமை உண்டுன்னு அறிவிச்சாங்க. அடுத்த மாசமே சர்ச்சில் பார்லிமெண்ட்ல, அது முக்கியமா நாஜிகள் புடிச்ச நாடுகளுக்கு, இந்தியா பர்மா எல்லாம் வேற விஷயம்னு சொல்லிட்டாரு. 1942 ஜனவரி 1ல ஹிட்லருக்கு எதிரா நின்ன நாடுங்க வெளியிட்ட கூட்டு பிரகடனத்துல 26 நாட்டுல ஒண்ணா இந்தியாவும் கையெழுத்து போட்டிருக்கு, ஆனா போட்டது டெல்லில இருந்த பிரிட்டிஷ் அரசாங்கத்தோட சார்புல. இந்திய ராணுவத்துல கிட்டத்தட்ட 25 லட்சம் பேர் அந்தப் போர்ல இருந்தாங்க. காந்தி 1942 ஜூலைல ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதி, இந்தியாவும் ஆப்பிரிக்காவும் சுரண்டப்படற வரைக்கும் நீங்க சுதந்திரத்துக்காக சண்டை போடறோம்னு சொல்றது வெத்துப் பேச்சுன்னாரு. அடுத்த மாசம் ஜெயில். ரூஸ்வெல்ட் சர்ச்சில்கிட்ட இந்தியா பத்தி பேசிப் பாத்தாரு, ஆனா கூட்டணி உடையுமோன்னு ஒரு அளவுக்கு மேல அழுத்தல. ஒற்றுமைக்கு விலைய யார் கட்டினாங்கன்னு பாருங்க.

கேள்வி: இப்போ ஒற்றுமைல விரிசல் வருதான்னு எத வச்சு கண்டுபிடிக்கறது?

பதில்: தலைவர்ங்க கைகுலுக்கற போட்டோவ பாக்காதீங்க, தேதிய பாருங்க. ரஷ்யா மேல இருக்கற ஐரோப்பிய பொருளாதார தடைய ஆறு மாசத்துக்கு ஒருக்க, ஜனவரி ஜூலை கடைசில, எல்லாரும் சேந்து நீட்டிச்சுக்கிட்டே வந்திருக்காங்க. அதுக்கு முந்தின வாரங்கள்ல எந்த நாடு என்ன கேக்குதுன்னு கவனிங்க.