எட்ருஸ்கன்காரங்க உயிரோட எங்க இருந்தாங்க?

கடிதம்:

வணக்கம் சார். ரோமுக்கு முன்னாடி நடு இத்தாலியில இருந்த எட்ருஸ்கன் நாகரிகம் பத்தி யூடியூப்ல எந்த வீடியோவைத் தொட்டாலும் கல்லறையாவே வருது. தர்குவினியா சுவரோவியம், செர்வெத்தேரி மண்மேடு, திரும்ப கல்லறை. செத்தவங்களுக்கு இவ்ளோ செஞ்சவங்க உயிரோட எங்க குடியிருந்தாங்க? ஊர்னு ஒண்ணையுமே யாரும் தோண்டலையா?

ஒரு வாசகர், திருச்சி

பதில்:

வணக்கம் தம்பி,

தோண்டியிருக்காங்க, ஆனா வீடியோவுல எடுப்பா இருக்காது. கல்லறையைப் பாறையில குடைஞ்சாங்க, வீட்டை மண்ணும் மரமும் வச்சு கட்டினாங்க, 2,500 வருஷத்துல எது நிக்கும்? அதுபோக பெருஜியா, ஓர்வியேத்தோ மாதிரி பெரிய ஊருங்கள்ல இன்னிக்கும் ஜனங்க வாழுறாங்க, அவங்க அடுப்படியில போய் கடப்பாரை போட முடியாதுல்ல.

நீங்க பாக்க வேண்டியது முர்லோ. சியன்னாவுக்குத் தெக்க, டஸ்கனில, ஊருக்குப் பக்கத்துல போஜ்ஜோ சிவிதாதேன்னு ஒரு குன்று. 1966ல அமெரிக்காவோட பிரின் மார் காலேஜ்ல இருந்து கைல் மெரிடித் பிலிப்ஸ் வந்து தோண்ட ஆரம்பிச்சது. அங்க எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு பட்டறை. கிட்டத்தட்ட 50 மீட்டர் நீளம், சுவர் கிடையாது, தூண் மேல கூரை மட்டும், உள்ளயே வெண்கலம் வார்த்திருக்காங்க, எலும்பு தந்தம் செதுக்கியிருக்காங்க, கூரை ஓடும் செஞ்சிருக்காங்க. கி.மு. 600ஐ ஒட்டி ஒருநாள் தீப்பிடிச்சிருக்கு. சூளைக்குப் போகாத பச்சை ஓடுங்க தரையில காய்ஞ்சிட்டு இருந்திருக்கு, ஜனங்க அது மேலயே மிதிச்சுட்டு ஓடியிருக்காங்க. அந்தக் கால் தடம் ஓட்டுல இருக்கு! தர்குவினியா ஓவியத்துல விருந்து சாப்பிடுறவங்களெல்லாம் முதலாளி வர்க்கம் தம்பி, இது வேலை பாத்தவன் கால்.

தீக்கு அப்புறம் அதே இடத்துல இன்னும் பெருசா கட்டினாங்க, பக்கத்துக்கு சுமார் 60 மீட்டர், நடுவுல முற்றம். கூரை உச்சியில ஆளுயரத்துக்கு சுடுமண் சிலைங்க உக்காந்திருக்கும், அதுல சிலது அகல விளிம்பு வச்ச கூர்தொப்பி போட்டிருக்கும், பாத்தா கௌபாய் படம் ஞாபகம் வரும். இது அரண்மனையா, கோயிலா, பல ஊர் கூடிப் பேசுற சபையான்னு ஆராய்ச்சியாளர்களுக்குள்ள பல வருஷமா சண்டை. என்னைக் கேட்டா வசதியான ஒரு குடும்பத்தோட மாளிகைதான், குதிரைப் பந்தயம் விருந்துன்னு சுவர்ப் பலகையில அச்சு வச்சு அடிச்சு ஒட்டியிருக்கிறதெல்லாம் எங்களைப் பாருடான்னு காட்டுற வேலை.

அந்தப் பெருமையும் ரொம்ப நாள் ஓடல. கி.மு. ஆறாம் நூற்றாண்டு நடுவுல யாரோ வேணும்னே இடிச்சு, சிலைங்களை உடைச்சு வெளியே கொண்டுபோய் புதைச்சிருக்காங்க. கியூசிங்கிற இன்னொரு எட்ருஸ்கன் ஊர்க்காரங்க வேலைன்னு ஒரு கட்சி சொல்லுது, உறுதியான ஆதாரம் இல்ல. அப்புறம் அந்தக் குன்று மேல யாரும் ஊர் கட்டவே இல்ல, அதனாலதான் தோண்ட இவ்ளோ மிச்சம் கிடைச்சுது, இடிச்ச புண்ணியவான்களுக்கு நாம நன்றி சொல்லணும்.

இத்தாலி போற பிளான் இருந்தா முர்லோ கோட்டைக்குள்ள இருக்கிற மியூசியத்துக்குப் போங்க, தொப்பிக்காரர் அங்கதான் இருக்கார்.