அலுவலகத்தில் முயல்: வார இறுதியில் யார் பார்த்துக்கொள்வது?

கேள்வி: பெங்களூரு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் உள்ள எங்கள் சிறிய அலுவலகத்தில், விலங்கு நல அமைப்பு ஒன்றிடமிருந்து தத்தெடுத்த ஒரு ஜோடி முயல்களை வளர்த்துவருகிறோம். பகலெல்லாம் மேசைக்கடியில் படுத்துக் கிடக்கும் அவை, நாங்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் துள்ளத் தொடங்குகின்றன. சனி, ஞாயிறுகளில் காவலாளி அண்ணன் கேரட்டும் தண்ணீரும் வைத்துவிடுகிறார். கணினி ஒயர்களைக் கடிப்பதைத் தவிர வேறு தொல்லை இல்லை. ஆனாலும், இது சரியான ஏற்பாடுதானா டாக்டர்?
- வாசகி, பெங்களூரு

பதில்: ஒயர் கடிப்பதைத் தொல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்குக் கவலை தருவது அந்தச் சனி, ஞாயிறுதான்.

முயலின் குடல் ஓயாமல் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். வலி, பயம், வெப்பம், நார்ச்சத்துக் குறைவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றால் முயல் தீனி எடுப்பதை நிறுத்திவிட்டால், குடல் மந்தமாகி, வாயு சேர்ந்து, ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாக முடியலாம். ஆகவே, 12 மணி நேரம் தீனியைத் தொடாமலோ புழுக்கை போடாமலோ இருக்கும் முயலை உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஆனால், பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி என்பதால் அது வலியை வெளியே காட்டாது. கத்தாமல் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். தட்டை வைத்துவிட்டுப் போகிறவர், பாவம், தூங்குகிறது என்றே நினைத்துக்கொள்வார்.

எனவே விடுமுறை நாள்களிலும் காலை, மாலை இருவேளையும், விவரம் தெரிந்த ஒருவர் வந்து புழுக்கையைப் பார்க்க வேண்டும். அது கொண்டைக்கடலையைப் போல உருண்டையாக, காய்ந்து, உடைத்தால் புல்லின் நார் தெரியும்படி இருப்பது நல்லது. அளவு சிறுத்தாலோ எண்ணிக்கை குறைந்தாலோ ஏதோ கோளாறு. இன்னொரு வகை உண்டு: மிருதுவாக, கொத்தாக வரும். அதை முயல் தானே தின்றுவிடும். பார்க்கச் சங்கடமாக இருந்தாலும் தடுக்கக் கூடாது. அதிலிருந்துதான் அது சில ஊட்டச்சத்துகளைப் பெறுகிறது.

கேரட்டில் சர்க்கரை அதிகம். எப்போதாவது ஒரு துண்டு போதும். உணவில் ஏறத்தாழ 80 சதவீதம் உலர்ந்த புல்லாக இருக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் வளரும் முயலின் பற்கள் அந்தப் புல்லை மென்றுதான் தேய்கின்றன. வைக்கோல் அதற்கு ஈடாகாது. அருகம்புல், கொத்தமல்லித் தழை, புதினா ஆகியவற்றைக் கழுவிக் கொடுக்கலாம். குதிரைமசால் என்ற தீவனப் பயிரில் கால்சியம் மிகுதி என்பதால் வளர்ந்த முயலுக்குத் தினமும் வேண்டாம்.

விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இருப்பது முயலின் இயல்பு. அந்த நேரத்தில்தான் உங்கள் அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது. அதற்காகக் கூண்டில் அடைக்காமல், ஒயர்களுக்குப் பிளாஸ்டிக் குழாய் மாட்டி, ஓடியாடத் தடுப்பு வைத்த இடம் கொடுங்கள். ஏப்ரல் மாதத்தில் ஏ.சி. நிறுத்தப்பட்ட கண்ணாடி அறை முயலுக்கு அடுப்படிதான். 30 டிகிரியைத் தாண்டினாலே அது தவிக்கத் தொடங்கும். கரப்பான் பூச்சிக்கு மருந்தடிக்கும் நாளில் அவற்றை வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். உண்ணி ஒழிய நாய்க்குப் போடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து முயலுக்கு விஷம்.

ஜோடி என்கிறீர்களே, கருத்தடை ஆகியிருக்கிறதா? சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள்தான். ஈன்ற அன்றே பெண் முயல் மறுபடியும் சினைப்படக்கூடும். கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயதாக ஆகக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் அதிகம். முயலுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய மருத்துவரை இப்போதே தேடி வையுங்கள். ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் விசாரிக்கலாம். அமாக்ஸிசிலின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளை நீங்களாக வாய்வழி கொடுத்துவிடாதீர்கள். குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, முயல் இறந்துபோகலாம்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், உங்களில் ஒருவர் வீட்டில் அவை நிரந்தரமாக இருப்பதே மேல். தினமும் சில்க் போர்டு சந்திப்பின் போக்குவரத்து நெரிசலில் கூடையில் தூக்கிக்கொண்டு போய்வருவது மட்டும் வேண்டாம். அலுவலகத்திலேயே வைத்திருப்பதானால், 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழக்கூடிய பிராணிக்கு, வேலையை விட்டுப் போனாலும் பொறுப்பைக் கைமாற்றிக் கொடுக்கிற ஒருவரின் பெயரை எழுதி வையுங்கள். இரண்டும் இயலாவிட்டால், தத்துக் கொடுத்த அமைப்பிடமே சொல்லுங்கள். ஏதாவது ஒரு பூங்காவில் விட்டுவிடாதீர்கள், வீட்டு முயல் அங்கே பிழைக்காது.

கேள்வி: எங்கள் அலுவலக முயலைக் காதைப் பிடித்துத் தூக்குகிறார்கள். வலிக்காதா?
- வாசகர், ஜெயநகர்

பதில்: வலிக்கும். ஒரு கையை மார்புக்கு அடியிலும் மறு கையைப் பின்புறத்துக்கு அடியிலும் கொடுத்து, உடலோடு அணைத்தே தூக்க வேண்டும். பின்னங்காலைத் தாங்காமல் தூக்கினால், உதைக்கிற வேகத்தில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடக்கூடும். பெரும்பாலான முயல்களுக்குத் தூக்குவதே பிடிக்காது. தரையில் உட்கார்ந்து, அது தானாக வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.