கட்டுப்படியாகிற விலையில் ரசித்துக் குடிக்கும்படியான ஒயினை எப்படித் தேர்ந்தெடுப்பது? பெரிய பெயர் இருந்தால்தான் நன்றாக இருக்குமா?

கேள்வி கேட்டவர் மூன்று பாட்டில் வாங்கிப் பார்த்திருக்கிறார். மூன்றும் பிடிக்கவில்லை. "எனக்குத்தான் ஒயின் ரசிக்கத் தெரியவில்லையா, இல்லை நல்ல ஒயின் என்றாலே பெரிய பெயரும் பெரிய விலையும் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். அந்த முதல் பாதிக்காகத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். அதே வார்த்தையை என் அண்ணி வாயால் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். இல்லாவிட்டால் கீழே யாராவது வந்து கேட்பார்கள். நான் இங்கே பேசப்போவது அன்றாட ஒயினைப் பற்றி, அதாவது விசேஷத்துக்கு எடுத்து வைக்காமல் சாதாரண நாளில் திறக்கிற ஒயின். தினமும் குடியுங்கள் என்று சொல்லவில்லை. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். எனக்கு வாரத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், ஒரு கிளாஸ். ஒயின் விற்பவளும் அல்ல நான்.

சரி, அண்ணி கதை.

என் அண்ணனுக்கு ஒயின் மேல் பெரிய பிரியம். பிரான்சின் போர்டோ பகுதித் தோட்டங்களை 1855இல் ஐந்து தரமாகப் பிரித்து ஒரு பட்டியல் போட்டார்கள். அதை அவர் வரிசை மாறாமல் ஒப்பிப்பார். அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நான் போஜொலே என்ற இன்னொரு பிரெஞ்சுப் பகுதியின் சிவப்பு ஒயின் ஒன்று வாங்கிப் போயிருந்தேன். மோர்கோன் என்ற ஊரின் ஒயின். எனக்கு மிகவும் பிடித்தது, யோசித்து வாங்கியது. அண்ணன் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "போஜொலேயா? இது தாகத்துக்குக் குடிக்கிறதும்மா. உள்ள வச்சிடு" என்றார். எல்லார் முன்னாலும்.

பிறகு பல வருஷமாக அவர் பாதுகாத்து வைத்திருந்த போர்டோ பாட்டிலைத் திறந்தார். அந்தப் பட்டியலில் உள்ள தோட்டம். எங்கள் ஒன்பது பேருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். கிளாஸை மூக்கருகில் கொண்டுபோனதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நனைந்து காயாமல் மூலையில் கிடக்கிற அட்டைப்பெட்டியின் வாசனை. பழ வாசனை துளிகூட இல்லை.

இதை கார்க் கெட்டுப்போனது என்பார்கள். மரப்பட்டையிலிருந்து செய்கிற கார்க்கில் பூஞ்சையும் குளோரின் கலந்த பொருட்களும் சேரும்போது டிரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மம் உண்டாகிறது. சுருக்கமாக டிசிஏ. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே போதும், மனித மூக்குக்குத் தெரியும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஒயினின் மணத்தையும் ருசியையும் அப்படியே அமுக்கிவிடும். எந்தத் தோட்டம், என்ன விலை என்பதெல்லாம் அதற்குக் கிடையாது. இயற்கை கார்க் போட்ட எந்த பாட்டிலிலும் வரலாம்.

ஒருவர் "என்ன ஆழம்!" என்றார். இன்னொருவர் கண்ணை மூடித் தலையாட்டினார். அண்ணன் என் பக்கம் திரும்பி "எப்படி?" என்றார். "நல்லா இருக்குண்ணா" என்றேன். ஐம்பதாவது பிறந்தநாள், அத்தனை வருஷம் காத்து வைத்த பாட்டில். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. அண்ணி மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைத் தள்ளி வைத்தார். "எனக்கு ஒயின் ரசிக்கவே தெரியாது போல" என்றார். அந்த அறையில் சரியாக ருசித்தவர் அவர் ஒருவர்தான். தன் நாக்கின் மேல் அவர் பழி போட்டுக்கொண்டபோது நான் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அது இன்றுவரை உறுத்துகிறது.

அங்கே தலையாட்டியவர்களைப் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. 2001இல் போர்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற வார்த்தைகளால்தான் அவர்கள் அதை வர்ணித்தார்கள். 2008இல் கலிஃபோர்னியாவில் மூளை ஸ்கேன் வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரே ஒயினை விலை கூட்டிச் சொல்லிக் கொடுத்தபோது அது கூடுதலாகப் பிடித்திருந்தது. மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதியும் கூடுதலாக வேலை செய்தது. பெயரும் விலையும் நாக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அதனால்தான் கேள்வி கேட்டவரிடம் சொல்கிறேன்: பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. அதை நம்புங்கள். எது தொந்தரவு செய்தது என்று மட்டும் கவனியுங்கள். பல்லைக் கூசவைத்த புளிப்பா, நாக்கை இழுத்துப் பிடித்த துவர்ப்பா, தொண்டையில் எரிந்த ஆல்கஹாலா, திகட்டிய இனிப்பா? இதில் ஒன்றைச் சொல்லத் தெரிந்தால் கடைக்காரர் சரியான பாட்டிலை எடுத்துத் தர முடியும். "நல்லதா ஒண்ணு குடுங்க" என்றால் அவருக்கு விற்க வேண்டியதைத்தான் தருவார்.

இனி வாங்குகிற விஷயம். என் அனுபவத்தில் ஒரே ஒரு வழிதான் திரும்பத் திரும்பப் பலன் தந்திருக்கிறது. புகழ்பெற்ற இடத்தின் ஆகக் குறைந்த ஒயினை வாங்காமல், புகழ் குறைந்த இடத்தின் நல்ல ஒயினை வாங்குவது. புகழ்பெற்ற இடத்தில் நிலத்தின் விலையும் பெயரின் விலையும் பாட்டிலில் ஏறிவிடும். ஓக் மரப் பீப்பாயில் முதிர வைப்பதும் அப்படி. 225 லிட்டர் பீப்பாய் ஒன்றில் சுமார் 300 பாட்டில்தான் கிடைக்கும், புதுப் பீப்பாய் என்றால் அந்தச் செலவு முழுக்க அந்த 300 பாட்டில் மேல்தான் விழும். பீப்பாயே தேவைப்படாத ஒயின்கள் எத்தனையோ இருக்கின்றன.

போஜொலேயையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் பெயர்பெற்ற ஒயின் பகுதியான பர்கண்டிக்கு ஒட்டிய தெற்கில், காமே என்ற திராட்சையில் செய்வது. பர்கண்டி பிரபு பிலிப் 1395இல் காமே கொடிகளையெல்லாம் பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். அங்கே பினோ நுவா என்ற திராட்சை மட்டும் இருந்தால் போதும் என்பது அவர் எண்ணம். அந்தக் கெட்ட பெயர் இன்னும் முழுசாகப் போகவில்லை. அதனால்தான் நமக்குக் கட்டுப்படியாகிறது. அதில் மோர்கோன், ஃப்ளூரி, மூலான்-அ-வான் என்று பத்துப் பகுதிகள் தங்கள் பெயரையே லேபிளில் போட்டுக்கொள்கின்றன. அவை வருஷத்துக்கு ஒருமுறை நவம்பரில் ஆர்ப்பாட்டமாக வருகிற புது போஜொலே அல்ல, அதைவிட எத்தனையோ படி மேல். துவர்ப்பு குறைவு, பழ ருசி தூக்கல், குளிர வைத்தும் குடிக்கலாம். என் அண்ணன் உள்ளே வைக்கச் சொன்னது இதைத்தான்.

நுரைக்கிற ஒயின் வேண்டுமென்றால் ஷாம்பெயினுக்குப் பதில் பிரான்சின் கிரெமான், ஸ்பெயினின் காவா. இரண்டிலும் ஷாம்பெயின் மாதிரியே பாட்டிலுக்குள்தான் இரண்டாம் முறை நொதிக்க வைக்கிறார்கள். ஷாம்பெயின் குறைந்தது 15 மாதம் முதிர வேண்டும், காவாவுக்கு 9 மாதம். அந்த ஆறு மாத வித்தியாசம் சாதாரண மாலையில் எனக்குத் தேவைப்பட்டதில்லை. வெள்ளையில் பிரான்சின் லோயர் நதி கடலில் சேரும் பக்கத்து மஸ்கடே, அப்புறம் தென்னாப்பிரிக்காவில் ஷெனின் பிளாங்க் என்ற திராட்சையில் செய்வது. சிவப்பில் ஸ்பெயினின் கலத்தயூத், காம்போ தே போர்ஹா பகுதிகளின் கர்னாச்சா, அர்ஜென்டினாவின் மால்பெக், சிலியின் கார்மெனேர்; கர்னாச்சா, மால்பெக், கார்மெனேர் மூன்றும் திராட்சைப் பெயர்கள். இந்தக் கார்மெனேரை மெர்லோ என்ற திராட்சை என்றே நினைத்து வளர்த்து விற்றுக்கொண்டிருந்தார்கள், 1994இல்தான் அது வேறு திராட்சை என்று தெரிந்தது. போர்ச்சுகல் ஒயினை நிறையப் பேர் தொடுவதில்லை, திராட்சைப் பெயர்கள் வாயில் நுழையாததால். அதுவே நமக்குச் சாதகம்.

லேபிளில் சில வார்த்தைகளுக்கு அர்த்தம் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. ஸ்பெயினின் ரியோகா பகுதிச் சிவப்பில் கிரியான்சா என்றால் குறைந்தது இரண்டு வருஷம் முதிர்ந்தது, அதில் ஒரு வருஷம் பீப்பாயில். இது சட்டம். அமெரிக்க பாட்டிலில் ரிசர்வ் என்று போட்டிருந்தால் அதற்குச் சட்டப்படி எந்த வரையறையும் இல்லை. இத்தாலியின் மோன்டேபுல்சியானோ தாப்ரூட்சோ என்பதில் முதல் வார்த்தை திராட்சையின் பெயர். வினோ நோபிலே தி மோன்டேபுல்சியானோ என்பதில் அது ஊரின் பெயர், உள்ளே இருப்பது பெரும்பாலும் சாஞ்சோவேசே என்ற வேறு திராட்சை. கனமான பாட்டில், கோட்டைப் படம், தங்க எழுத்து, இவை எதுவும் உள்ளே இருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. திருகு மூடியைக் கேவலமாகப் பார்க்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் செய்கிறவர்கள் பலர் 2000இலேயே அதற்கு மாறிவிட்டார்கள், முக்கியக் காரணம் நான் மேலே சொன்ன அட்டைப்பெட்டி வாசனைதான்.

ஆனால் எதை வாங்கினாலும் சரியான சூட்டில் குடிக்காவிட்டால் கெட்டதுபோலத் தெரியும். உங்கள் மூன்றில் ஒன்றாவது இதனால்தான் போயிருக்கும் என்பது என் ஊகம். சிவப்பு ஒயினை அறையின் சூட்டில் குடிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு எல்லாரும் அப்படியே செய்கிறோம். அதற்கு ஏற்ற சூடு 15 முதல் 18 டிகிரி. அறை அதைவிடச் சூடாக இருந்தால் அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். சூடான சிவப்பு ஒயினில் ஆல்கஹால்தான் முன்னால் வந்து எரிக்கும். வெள்ளைக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. பிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குடித்தால் குளிர்தான் தெரியும், ருசி தெரியாது. கால் மணி நேரம் வெளியே விடுங்கள். மிச்சமானால் 375 மில்லி சின்ன பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, மூடி, பிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். கட்டுப்படியாகிற விலையில் வருகிற வெள்ளை ஒயின்கள் பெரும்பாலும் சீக்கிரம் குடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. அலமாரியில் புது வருஷத்து பாட்டிலையே எடுங்கள்.

இணையத்தில் நட்சத்திர மதிப்பெண் பார்த்து வாங்கலாமே என்பீர்கள். நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். எனக்குப் பிடித்த ஒரு கர்னாச்சாவுக்கு ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். காரணம், பெட்டி நசுங்கி வந்ததாம். இது ஒயினோடு போகவில்லை. மின்விசிறி வாங்கலாம் என்று ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து படித்தேன். டெலிவரி ஆள் போன் பண்ணவில்லை என்று ஒன்று, நிறம் மாறி வந்தது என்று ஒன்று, இன்னும் பிரிக்கவே இல்லை ஆனால் நன்றாக இருக்கும் போலிருக்கிறது என்று ஐந்து நட்சத்திரம் ஒன்று. காற்று வருகிறதா, சத்தம் போடுகிறதா என்று எழுத ஒருவர் இல்லை. ஒரு பொருளைச் செய்தவருடைய பிழைப்பு அந்த எண்ணில் தொங்குகிறது. எழுதுகிறவர்கள் அதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

விலை உயர்ந்த ஒயினெல்லாம் ஏமாற்று என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நன்றாக முதிர்ந்த போர்டோ குடித்திருக்கிறேன், அதன் அருமை எனக்குத் தெரியும். அதனால்தான் அன்று அண்ணன் பாட்டில் வீணானதும் வலித்தது. இரண்டு மாதம் கழித்து அவரிடம் போனில் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா. உங்க அண்ணிகிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றார். அது சரிதான். இப்போது பாட்டிலைத் திறந்தால் முதல் ஊற்று அண்ணிக்குத்தான். அவர் தலையசைத்த பிறகுதான் மற்ற கிளாஸ்கள் நிரம்பும்.

அடுத்த மூன்று பாட்டிலுக்கு என் யோசனை: ஒரு ஷெனின் பிளாங்க், ஒரு மோர்கோன் அல்லது ஃப்ளூரி, ஒரு கர்னாச்சா. மூன்றும் மூன்று திசை, உங்களுக்கு எது ஒத்துவருகிறது என்று தெரிந்துவிடும். முன்பு வாங்கிய மூன்றின் பெயரையும், ஒவ்வொன்றிலும் எது தொந்தரவு செய்தது என்பதையும் கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்தவரை வேறு பெயர்கள் சொல்கிறேன்.