கேம் ஆஃப் த்ரோன்ஸ் 6வது சீசனின் கடைசி எபிசோடில் வரும் பியானோ ஏன் அவ்வளவு பதற வைக்கிறது?

அதுவரை அந்தத் தொடரில் பியானோவே கிடையாது, அதுதான் காரணம். இசையமைப்பாளர் ரமின் ஜவாடி முதல் சீசனிலிருந்தே செல்லோ என்ற பெரிய தந்தி வாத்தியத்தைத்தான் பிரதானமாக வைத்திருந்தார். டைட்டில் இசையில் மெட்டை எடுத்துக் கொடுப்பதும் அதுதான். ராஜா காலத்துக் கதை என்றாலே வரும் புல்லாங்குழல் வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள்.

சரி, இத்தனை வருடம் அந்தக் கனத்த தந்தி ஒலிக்குப் பழகிய காதில், 2016இல் திடீரென்று தனிப் பியானோ. ராஜமாதா செர்சி உடை மாற்றுகிறாள், வசனம் அதிகமில்லை, சுரங்களுக்கு நடுவே நீண்ட இடைவெளி. என்னவோ நடக்கப்போகிறது என்று நமக்கே தெரிந்துவிடுகிறது. அப்புறம் செல்லோ, சிறுவர்களின் குரல், தேவாலயங்களில் ஒலிக்கும் ஆர்கன் எல்லாம் வந்து சேர்கின்றன. எனக்கு ஆர்கன் நுழையும் இடம்தான் பயம். செர்சி மீதான விசாரணை நடப்பது வழிபாட்டுத் தலத்தில்; அங்கே ஆர்கன் பொருத்தமாகவே கேட்கிறது, அதனால் இன்னும் மோசம்.