கேள்வி – பதில்: 'பேக்' ஆடும் பெண்கள்

பெண்கள் கால்பந்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைப் பற்றியவை: தன் கோலுக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரரின் இடம். அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறேன்.

என் மகளுக்கு வயது 14. பள்ளி அணியில் எப்போதும் 'பேக்'கில்தான் நிறுத்துகிறார்கள். கோல் அடிக்கிறவர்களுக்குத்தான் கைதட்டலும் பரிசும் என்று வீட்டுக்கு வந்து அழுகிறாள். முன்களத்துக்கு மாற்றும்படி பயிற்சியாளரிடம் பேசலாமா?
– வாசகி, முதலியார்பேட்டை

இந்த ஆண்டு பேசாதீர்கள். ஓடத் தெரியாத பிள்ளையைப் பின்னால் நிறுத்திவைப்பது பள்ளி அணிகளில் ஒரு காலத்தில் வழக்கமாக இருந்ததால், அந்த இடத்துக்கு ஒரு தாழ்வு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு மகளை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். எதிரணி ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கி அனுப்பும்போது அவள் பந்தையே வெறித்துக்கொண்டு நிற்கிறாளா, அல்லது உடலைப் பக்கவாட்டில் திருப்பி, குதிகாலைச் சற்றே உயர்த்தி, பந்தையும் தன் தோளுக்குப் பின்னால் நழுவப் பார்க்கும் எதிராளியையும் மாறி மாறிக் கவனிக்கிறாளா என்று பாருங்கள். பந்து வந்து விழப்போகும் இடத்துக்கு இரண்டடி முன்னதாகவே போய் நின்றுவிடுகிற பெண்ணுக்கு, ஆட்டம் முழுவதும் ஒருமுறைகூடச் சறுக்கி விழுந்து தட்ட வேண்டிய தேவை வராமலும் போகலாம். அவள் ஒன்றுமே செய்யவில்லை என்று பார்த்தவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். அவளுடைய கோல்கீப்பர் மட்டும் அப்படிச் சொல்ல மாட்டார்.

பரிசைப் பற்றிக் கேட்டால், மணிப்பூரைச் சேர்ந்த ஆஷாலதா தேவியின் பெயரை மகளுக்குச் சொல்லுங்கள். நடுப் பின்களத்தில் ஆடுபவர். இந்திய அணியின் தலைவியாக இருந்தவர். மாலத்தீவிலும், மதுரையின் சேது அணிக்கும் கேரளத்தின் கோகுலம் அணிக்கும் ஆடியவர். 2018–19ஆம் ஆண்டின் சிறந்த வீராங்கனையாக அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவரைத்தான் தேர்ந்தெடுத்தது. 2024இல் நாட்டுக்காக 100 ஆட்டங்களை எட்டிய முதல் இந்தியப் பெண்ணும் அவரே.

பிரான்ஸில் இருக்கும் என் பேத்தி தொலைபேசியில் பேசும்போதெல்லாம் வெண்டி ரெனார் என்றுதான் பேசுகிறாள். தடுப்பாட்டக்காரர் என்கிறாள். அப்படி என்ன புகழ் அவருக்கு?
– வாசகர், புதுச்சேரி

பேத்தியின் தேர்வு நல்ல தேர்வு. ரெனார் 1990இல் பிறந்தது பிரான்ஸின் நிலப்பரப்பில் அன்று. பாரிஸிலிருந்து ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் தொலைவில், கரீபியக் கடலில் கிடக்கும் மார்த்தினீக் தீவில். கடல் தாண்டிய பிரெஞ்சு மண் என்றால் என்னவென்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எட்டு வயதில் தந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். பதின்வயதில் கிளேர்ஃபோந்தேன் தேசியப் பயிற்சி மையத்தின் தேர்வுக்கு வந்தபோது அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வெறுங்கையோடு தீவுக்குத் திரும்பாமல் லியோன் அணியின் தேர்வில் கலந்துகொண்டார். 2006இல் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதே அணியோடு எட்டு முறை ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றிருக்கிறார்.

தேசிய அணியில் அவர் நடந்த பாதை அவ்வளவு சீரானதன்று. தலைமைப் பொறுப்பு கிடைத்தது, 2017இல் பறிபோனது, மீண்டும் வந்தது. 2023 பிப்ரவரியில், நிர்வாகம் இப்படியே இருந்தால் உலகக் கோப்பைக்கு வர மாட்டேன் என்று வெளிப்படையாக விலகினார். அடுத்த மாதமே பயிற்சியாளர் மாற்றப்பட, அணிக்குத் திரும்பினார். அந்த ஜூலையில் பிரிஸ்பேனில் பிரேசிலுடன் நடந்த ஆட்டம் நமக்குச் சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்குத் தொடங்கியது; நான் காப்பி ஆறியதுகூடத் தெரியாமல் பார்த்தேன். ஆட்டம் 1–1 என்றிருக்க, 83ஆவது நிமிடத்தில் பிரான்ஸுக்கு ஒரு கார்னர். 187 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் தூரக் கம்பத்தின் அருகே தனியாக நிற்கிறார். பிரேசில் அணியில் ஒருவரும் அவரை ஒட்டி நிற்கவில்லை! தலையால் முட்டி வெற்றிக் கோலை அடித்தார். தடுப்பாட்டக்காரர் கோல் அடித்தார் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. எனக்கு அதில் பெரிதாகப் பட்டது, எதிரணித் தடுப்பாட்டம் எங்கே கண்ணயரும் என்பதை ஒரு தடுப்பாட்டக்காரரே கண்டுபிடித்ததுதான். 2025 ஐரோப்பியக் கோப்பைக்கு அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. நான் தேர்வாளராக இருந்திருந்தால் அழைத்திருப்பேன்.

அப்படியானால் உயரம் இல்லாத பெண் இந்த இடத்தை மறந்துவிட வேண்டுமா?
– வாசகி, நெல்லித்தோப்பு

வேண்டாம். இங்கிலாந்தின் லூசி புரோன்ஸ் ரெனாரைவிட ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் குள்ளமானவர். ஓரத் தடுப்பாட்டக்காரரான அவர்தான் 2020இல் ஃபிஃபாவின் உலகின் சிறந்த வீராங்கனை விருதைப் பெற்றார். 2025 ஐரோப்பியக் கோப்பை முழுவதையும் அவர் முறிந்த கால் எலும்போடு ஆடியதாகப் பின்னர் தெரிவித்தார். அந்த ஒன்றை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம்.

மகள் நன்றாக ஆடுகிறாள். ஆனால் இதை நம்பிப் பிழைக்க முடியுமா? முழங்கால் நரம்பு அறுந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்கிறார்களே!
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

ஆட்டத்தை மட்டும் நம்பி என்றால் இன்னும் கடினம்தான். இந்தியப் பெண்கள் லீக் 2016–17இல் தொடங்கியது. மேல்நிலை அணிகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாயாவது தர வேண்டும் என்று 2023இல் கூட்டமைப்பு அறிவித்தது. மாதக் கணக்கில் 27,000க்குச் சற்றுக் குறைவு. ஆகவே நம் பக்கத்தில் பெற்றோர் கண்வைப்பது வேலையின் மேல். அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் ஊர் இந்துமதி கதிரேசன் நடுக்களத்தில் ஆடி இந்திய அணிக்கும் போனார், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் ஆனார். அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. (புதுச்சேரி வாசகர்கள் கவனிக்க: அது தமிழ்நாட்டு அரசின் ஏற்பாடு.) தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசியப் பட்டத்தை வென்றிருப்பதால், சான்றிதழ்களுக்கு மதிப்பும் இருக்கிறது. ஒவ்வொரு போட்டிச் சான்றிதழையும் அன்றே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

முழங்காலில் அறுவது நரம்பன்று, எலும்புகளை இணைக்கும் நார். பெண்களுக்கு அது ஆண்களைவிட அதிகமாகவே அறுகிறது. பின்னோக்கி ஓடிக்கொண்டே சட்டெனத் திரும்புவதும், தலையால் முட்டிவிட்டு ஒற்றைக் காலில் இறங்குவதும் தடுப்பாட்டக்காரரின் அன்றாட வேலை. முழங்கால் உள்பக்கமாக மடிந்து இறங்கும் அந்த நொடிதான் ஆபத்து. ஆனால் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. இங்கிலாந்து அணித்தலைவி லியா வில்லியம்சனுக்கு 2023 ஏப்ரலில் அறுந்தது. உலகக் கோப்பை போனது. 2024 ஜனவரியில் களத்துக்குத் திரும்பினார். 2025இல் ஐரோப்பியக் கோப்பையைக் கையில் ஏந்தினார். 'ஃபிஃபா 11 பிளஸ்' என்ற இருபது நிமிடப் பயிற்சித் தொகுப்பை அன்றாடப் பயிற்சி தொடங்கும் முன் வாரத்தில் இரண்டு முறையாவது செய்தால் காயங்கள் குறைகின்றன. மகளின் பயிற்சியாளர் அதைச் செய்யவைக்கிறாரா என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு.

அரையிறுதியில் நான் சேம்சைடு கோல் போட்டுவிட்டேன். ஒரு கோலில் தோற்றோம். நான்கு நாளாகப் பயிற்சிக்குப் போகவில்லை. பெயர் வேண்டாம்.
– ஸ்டாப்பர் பேக், கடலூர்

2019 உலகக் கோப்பை பிரான்ஸில் நடந்தது. தொடக்க ஆட்டத்தில் தென் கொரியாவுக்கு எதிராக ரெனார் தலையால் இரண்டு கோல் அடித்தார். ஜூன் 12 அன்று நீஸ் நகரில் நார்வேயுடன் இரண்டாவது ஆட்டம். பிரான்ஸ் ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. இடப்பக்கத்திலிருந்து தாழ்வாக வந்த பந்தை, பின்னால் எதிராளி இருப்பதாக எண்ணி, கால் நீட்டித் தன் வலைக்குள்ளேயே தள்ளிவிட்டார். பின்னால் யாரும் இல்லை. சொந்த நாட்டில், சொந்த மக்கள் முன்னால்! பிறகு பெனால்டி ஒன்று கிடைத்து பிரான்ஸ் வென்றது, அவர் தப்பித்தார்.

ஜூன் 17இல் நைஜீரியாவுடன் ஆட்டம். கடைசிப் பத்து நிமிடம் நெருங்கும்போது பிரான்ஸுக்கு மறுபடியும் பெனால்டி. உதைக்க முன்வந்தவர் ரெனார். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. கோல்கீப்பர் கோல் கோட்டிலிருந்து முன்னதாகவே நகர்ந்ததால் நடுவர் மீண்டும் உதைக்கச் சொன்னார். இரண்டாம் முறையும் பந்தை எடுத்துப் புள்ளியில் வைத்தவர் அவரேதான். உள்ளே போனது, 1–0.

நீஸுக்கும் அந்தப் பெனால்டிக்கும் இடையே ஐந்து நாள். உங்களுக்கு நான்கு நாள் ஆகிவிட்டது. நாளை மாலை பூட்ஸை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போங்கள்.